பிடிபி-11 எமுலேட்டரை மூலத்திலிருந்து கம்பைல் செய்து யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு ஓட்டுதல்: குமரி மாவட்டப் பழங்கணினி இழை

#1 குளச்சல்கரை

வணக்கம். ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினியில், டெபியன் வகை லினக்ஸில், பழைய பிடிபி-11 கணினி போலவே நடந்துகொள்ளும் சிம்ஹெச் எமுலேட்டரை மூல நிரலிலிருந்தே கம்பைல் செய்து அதில் யூனிக்ஸ் வி6 (ஆறாம் பதிப்பு) ஓட்ட வேண்டும். கடைசியில் எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் லாகின் செய்து பழகணும், அதுதான் நோக்கம். என்னென்ன பேக்கேஜ் வேணும், எந்த வரிசையில் செய்யணும், எங்கே எல்லாம் இடிக்கும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. இந்த இணையப் பலகையில் ஆங்கில எழுத்து ஏறாததால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போடுங்க. தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கிடுதேன்.

#2 பழையபெட்டி_நாகர்கோவில்

தம்பி, கம்பைல் பகுதி சுருக்கமானது. அதை முதலில் முடிச்சிருவோம்.

சிம்ஹெச் பாப் சப்னிக் 1993-ல் தொடங்கின திட்டம். 2022-ல் உரிமம் பற்றிய கருத்து வேறுபாட்டால் பிரிஞ்சு, எம்ஐடி உரிமத்தில் ‘ஓப்பன் சிம்ஹெச்’ தனியாக வந்தது. கிட்ஹப்பில் அந்தப் பெயரிலேயே இருக்கு. அதை எடுங்க.

வேண்டியது மூணே மூணு: கிட், ஜிசிசி, மேக். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட் ஜிசிசி மேக்’. வி6-க்கு நெட்வொர்க்கும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். அதனால் எஸ்டிஎல், பிகேப் நூலகங்களைத் தேடி அலைய வேண்டாம். மேக்ஃபைல் தானாகவே பார்த்து, இல்லாததை இல்லைன்னு சொல்லிட்டு மேலே போயிரும். அந்த வரிகளை எரர்னு நினைச்சு நிறுத்திராதீங்க. பிசிஆர்இ இல்லேன்னு வந்தால் ‘எக்ஸ்பெக்ட்’ கட்டளையில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கிடைக்காது, அவ்வளவுதான்.

கிட் க்ளோன் செய்த அடைவுக்குள் போய் ‘மேக் பிடிபி11’. வெறும் ‘மேக்’ கொடுத்தால் வாக்ஸ், பிடிபி-8, ஆல்டேர், நோவான்னு உள்ள எல்லா எந்திரத்தையும் கட்ட ஆரம்பிக்கும். பை 3-க்கு அது வீண் பாரம்.

ஒரு சங்கதி. ‘-ஜே4’ போட்டால் வேகமாகும்னு பலரும் போடுவாங்க. இந்த மேக்ஃபைல் ஒரு எமுலேட்டருக்கு உள்ள எல்லா சி கோப்புகளையும் ஒரே ஜிசிசி கட்டளையில் கொடுக்குது. பிரிச்சுப் போட வேலையே இல்லை. அதனால் ஒரு எமுலேட்டர் மட்டும் கட்டும்போது -ஜே4 ஒண்ணும் செய்யாது.

முடிவில் சோதனை ஓடும். அது வேண்டாம்னா ‘மேக் டெஸ்ட்ஸ்=0 பிடிபி11’, அதில் ‘டெஸ்ட்ஸ்’ மட்டும் பெரிய எழுத்து. ஆனா முதல் தடவை சோதனையை ஓட விடுங்க. செயலி சரியாகக் கட்டப்பட்டதான்னு அதில்தான் தெரியும். முடிஞ்சதும் பெரிய எழுத்தில் உள்ள ‘பின்’ அடைவுக்குள் பிடிபி11 இருக்கும். ஓட்டினால் ‘சிம்>’ வரும்.

#3 மார்த்தாண்டம்_சி

பழைய 3.x ஜிப்பை வச்சிக்கிட்டு முட்டுறவங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன், ஏன்னா பென் டிரைவில் சுத்துறது பெரும்பாலும் அதுதான்.

ஒன்று, அந்த ஜிப்பில் வரி முடிவு விண்டோஸ் முறையில் இருக்கும். லினக்ஸில் ‘அன்ஜிப் -ஏ’ கொடுத்தே பிரிக்கணும். இல்லாவிட்டால் மேக்ஃபைலில் வரிக்கடைசியில் உள்ள பின்சாய்வுக்குப் பிறகு ஒரு சிஆர் (வரித்திரும்பு) எழுத்து ஒட்டிக்கிட்டு, தொடர்வரி தொடராமல் போய் சம்பந்தமே இல்லாத இடத்தில் எரர் காட்டும். இரண்டு, ‘பின்’ அடைவை நீங்களே உண்டாக்கணும். இல்லேன்னா எல்லாம் கம்பைல் ஆகி, கடைசி லிங்க்கில் ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று நிற்கும்.

மூன்றாவது ஜிசிசி பதிப்பு. எந்தப் பழைய எமுலேட்டர் மூலத்துக்கும் பொருந்துகிற விஷயம் இது. ஜிசிசி 10 முதல் ‘-எஃப்நோ-காமன்’ இயல்பாகிவிட்டது. ஒரே குளோபல் மாறியை இரண்டு கோப்பில் எக்ஸ்டர்ன் இல்லாமல் அறிவித்திருந்தால் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ வரும். அதற்கு ‘-எஃப்காமன்’. ஜிசிசி 14-ல் முன்னறிவிப்பு இல்லாத ஃபங்ஷனை அழைப்பது எச்சரிக்கையாக இல்லாமல் எரராகவே ஆகிவிட்டது. ‘-எஃப்பெர்மிசிவ்’ போட்டால் பழையபடி எச்சரிக்கையாகும். ஜிசிசி 15-ல் இயல்பு மொழி சி23. அதில் ‘பூல்’ ஒரு ஒதுக்கிய சொல், வெற்று அடைப்புக்குறி என்றால் ஆர்கியுமென்ட் கிடையாது என்றே பொருள். பழைய மூலத்தில் ‘பூல்’ என்று சொந்தமாக டைப்டெஃப் செய்திருந்தால் அங்கேயே விழும். ‘-எஸ்டிடி=ஜிஎன்யு17’ கொடுத்தால் சரி.

எரர் மழை கொட்டும்போது கடைசி எரரைப் பார்க்காதீங்க. முதல் எரர் எந்த வகைன்னு பாருங்க. மேலே சொன்ன மூன்றில் ஒன்றாகத்தான் அனேகமாக இருக்கும்.

#4 குளச்சல்கரை

ஓப்பன் சிம்ஹெச்சே எடுத்தாச்சு. இரண்டு பிரச்சினை. ‘கிளாக் ஸ்க்யூ டிடெக்டட், பில்ட் முழுமையாக இல்லாமல் இருக்கலாம்’ என்று ஓர் எச்சரிக்கை. அப்புறம் பிடிபி11-ஐ ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. ‘சிஎச்மாட் +எக்ஸ்’ போட்டும் மாறவில்லை. இடம் போதாதுன்னு பென் டிரைவில் க்ளோன் செய்திருக்கேன்.

#5 பழையபெட்டி_நாகர்கோவில்

இரண்டுக்கும் காரணம் தனித்தனி.

பை 3-ல் பேட்டரியோடு கூடின கடிகாரம் கிடையாது. கரண்டு போய் வந்தால், இணையம் கிடைக்கிற வரைக்கும் அதன் நேரம் பின்தங்கியே இருக்கும். கோப்புகளின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறதாக மேக்குக்குத் தோணும். ‘டேட்’ கொடுத்துப் பாருங்க. நேரம் சரியான பிறகு, அடைவில் உள்ள எல்லாக் கோப்புக்கும் ‘டச்’ கொடுத்து மறுபடி கட்டுங்க.

பென் டிரைவ் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். அதில் யூனிக்ஸ் அனுமதிகளை எழுதி வைக்க இடமே இல்லை. சிஎச்மாட் எரர் காட்டாமலே சும்மா போயிரலாம். ஹோம் அடைவுக்கு மாத்துங்க, இல்லேன்னா பென் டிரைவை எக்ஸ்ட்4 ஆக்குங்க. கடல் பக்கம் வீடுன்னா எஸ்டி கார்டின் தொடுபற்களையும் ஒரு தடவை பார்த்திருங்க. உப்புக்காத்தில் பச்சை படிஞ்சா கார்டில் எழுதும்போது பிழை வரும், அது கம்பைலர் பிழை மாதிரியே தெரியும்.

#6 குளச்சல்கரை

ஹோமுக்கு மாத்தினதும் ‘சிம்>’ வந்துட்டு அண்ணாச்சி. இனி வி6. ரெடிமேட் டிஸ்க் இமேஜ் கிடைக்குது, அதை அப்படியே பூட் செய்யலாமா?

#7 மார்த்தாண்டம்_சி

பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதுதான் நோக்கம் என்றால் ரெடிமேட் இமேஜ் போதும். நேரம் மிச்சம்.

#8 தக்கலை_ஆக்டல்

இதில் எனக்கு மாறுபட்ட கருத்து. ரெடிமேட் இமேஜை யாரோ எந்த எந்திரத்துக்கோ கெர்னல் (இயக்க முறைமையின் மைய நிரல்) கட்டி, எந்த டிவைஸ் கோப்பை எந்த எண்ணில் போட்டு வச்சாங்கன்னு தெரியாது. பூட் ஆகாவிட்டால் எங்கே கையை வைப்பது? டேப்பிலிருந்து நிறுவினால் ஒவ்வொரு பிளாக்கும் எங்கிருந்து வந்ததுன்னு விரல் வச்சுக் காட்டலாம். வேலையும் அப்படி ஒண்ணும் நீளம் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

வி6 வெளிவந்தது 1975. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் திறந்த உரிமத்தில் விட்டது, அதனால் இதைப் பயன்படுத்த உரிமத் தடை இல்லை. யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியின் காப்பகத்தில் கென் வெல்ஷ் டேப் இருக்கிறது.

அந்த டேப் கோப்பு கச்சா வடிவம். 512 பைட் கொண்ட ரெக்கார்டுகள் 12,100 வரிசையாக ஒட்டியிருக்கும். 12,100 × 512 = 61,95,200 பைட். இறக்கிப் பிரித்ததும் ‘எல்எஸ் -எல்’ போட்டு இந்த எண்ணைப் பாருங்கள். உள்ளடக்கம் இப்படி: முதல் 100 பிளாக் பூட் நிரல்கள், 100 முதல் 4099 வரை ரூட் டிஸ்க், 4100 முதல் 8099 வரை மூல நிரல், 8100 முதல் 12,099 வரை ஆவணங்கள்.

சிம்ஹெச்சுக்கு இது அப்படியே ஆகாது. உண்மையான டேப்பில் ரெக்கார்டுகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும், கோப்பில் அது இல்லை. அதனால் சிம்ஹெச்சின் ‘டேப்’ வடிவத்தில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாலும் பின்னாலும் நான்கு பைட்டில் நீளம் எழுதியிருக்க வேண்டும், சிறிய பைட் முதலில். 512-க்கு அந்த நான்கு பைட்: 00 02 00 00. கடைசியில் டேப் மார்க்குக்காக நான்கு சுழி பைட், இரண்டு தடவை. பைத்தானில் பத்து வரி நிரல்: 512 பைட் படி, நீளம் எழுது, தரவு எழுது, மறுபடி நீளம் எழுது. வெளிவரும் கோப்பு 12,100 × 520 + 8 = 62,92,008 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் மேலே போக வேண்டாம்.

#9 தக்கலை_ஆக்டல்

தொடர்ச்சி. இனி எமுலேட்டரில்:

‘செட் சிபியு 11/40’
‘செட் டிஎம்0 லாக்ட்’
‘அட்டாச் டிஎம்0 டிஸ்ட்.டேப்’
‘அட்டாச் ஆர்கே0 ஆர்கே0.டிஸ்க்’

இதில் டிஎம்0 டேப், ஆர்கே0 டிஸ்க். பிடிபி-11-ல் 11/40 மாடல் கட்டாயம். டேப்பில் உள்ள ‘ஆர்கேயூனிக்ஸ்’ கெர்னல் 11/40-க்குக் கட்டியது. லாக்ட் என்பது டேப்பில் எழுத விடாமல் தடுக்க.

அடுத்து பூட் லோடரை, அந்தக் காலத்தில் முன்பலகைச் சுவிட்சில் போட்டது போல, கையால் நினைவகத்தில் வைக்கிறோம். ஆறே சொல் (ஒரு சொல் என்றால் 16 பிட்). ‘டி’ என்றால் அந்த முகவரியில் அந்த மதிப்பை வை:

‘டி 100000 012700’
‘டி 100002 172526’
‘டி 100004 010040’
‘டி 100006 012740’
‘டி 100010 060003’
‘டி 100012 000777’

இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். டிஎம்11 டேப் கன்ட்ரோலரின் ரிஜிஸ்டர்கள் நினைவக முகவரிகளாகவே தெரியும்: 172522 கட்டளை, 172524 பைட் எண்ணிக்கை, 172526 நினைவக முகவரி. முதல் இரண்டு சொல் சேர்ந்து செயலியின் ஆர்0 ரிஜிஸ்டரில் 172526-ஐ வைக்கிறது. மூன்றாவது, ஆர்0-ஐ இரண்டு குறைத்து, ஆர்0-ன் மதிப்பையே 172524-ல் எழுதுகிறது. பைட் எண்ணிக்கை எதிர்மறையாக வைக்க வேண்டிய இடம் அது. 172524 போன்ற ஆக்டல் (எட்டடிமான) எண்ணை 16 பிட் எதிர்மறை எண்ணாகப் படித்தால் −2730 பக்கம் வரும். அதாவது ‘அதிகபட்சம் ஏறத்தாழ 2730 பைட் படி’. டேப் ரெக்கார்டு 512 பைட்தான் என்பதால் முழு ரெக்கார்டும் உள்ளே வந்துவிடும். துல்லியமான எண் தேவையே இல்லை என்று கண்டுகொண்டு, கையில் இருந்த முகவரியையே எண்ணிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல் மிச்சம்! சுவிட்சைத் தட்டித் தட்டி ஏற்றிய காலத்தில் ஒரு சொல்லுக்கும் மதிப்பு இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் 60003-ஐக் கட்டளை ரிஜிஸ்டரில் வைக்கிறது: அடர்த்தி 800, செயல் படித்தல், தொடங்கு. நினைவக முகவரி ரிஜிஸ்டர் சுழியில் இருப்பதால் தரவு முகவரி 0-ல் இறங்கும். ஆறாவது, தன்னிடமே தாவிக்கொண்டு நிற்கும் பிராஞ்ச்.

‘கோ 100000’ கொடுங்கள். திரையில் ஒன்றும் வராது. ஒரு நொடி விட்டு கன்ட்ரோல்-ஈ. ‘சிம்>’ திரும்பும். ‘கோ 0’. இப்போது ‘=’ அடையாளம் வர வேண்டும். ‘ரன்’ கொடுக்காதீர்கள். ரன் எல்லா டிவைஸையும் ரீசெட் செய்துவிட்டுத்தான் ஓடும், கோ அப்படிச் செய்யாது.

#10 குளச்சல்கரை

‘=’ வரவில்லை. ‘ஹால்ட் இன்ஸ்ட்ரக்ஷன், பிசி: 000002’ என்று நிற்கிறது. 100008-ல் வைக்கும்போது ‘இன்வேலிட் ஆர்கியுமென்ட்’ என்றும் வந்தது.

#11 தக்கலை_ஆக்டல்

விடை உங்கள் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. முகவரிகள் ஆக்டல். 8 என்ற இலக்கமே கிடையாது. 100006-க்கு அடுத்தது 100010. நீங்கள் 100008 என்று கொடுத்த சொல் எங்கேயும் போகவில்லை, டேப்புக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை, முகவரி 0 காலியாகவே இருந்தது. பிடிபி-11-ல் சுழி என்றாலே ஹால்ட். அதைப் படித்துவிட்டு பிசி (அடுத்த கட்டளையின் முகவரி) 2-க்கு நகர்ந்து நின்றிருக்கிறது.

டேப் கோப்பில் நீளக் குறிகள் இல்லாவிட்டாலும் இதே செய்தி வரும். இரண்டையும் பிரித்தறிய ‘எக்ஸ் -எம் 100000-100012’ போடுங்கள். ‘மூவ், மூவ், மூவ், பிஆர் 100012’ என்று அசெம்பிளியாகவே காட்டும். அது சரியாக இருந்தும் ஹால்ட் ஆனால் தப்பு டேப் கோப்பில்.

#12 குளச்சல்கரை

‘=’ வந்துட்டு!

#13 தக்கலை_ஆக்டல்

நல்லது. ‘டிஎம்ஆர்கே’ என்று தட்டுங்கள். மூன்று கேள்வி கேட்கும். டிஸ்க் ஆஃப்செட் 0, டேப் ஆஃப்செட் 100, கவுண்ட் 1. இது ஆர்கே டிஸ்க்குக்கான பூட் பிளாக். மறுபடி ‘டிஎம்ஆர்கே’: 1, 101, 3999. இது ரூட் கோப்பு முறைமை. முடிந்ததும் ‘=’ திரும்பும். இந்த எண்கள் பத்தடிமானம், ஆக்டல் இல்லை. இங்கேதான் பலர் மறுபடி தடுமாறுவார்கள்.

ஆர்கே05 டிஸ்க் 203 சிலிண்டர், 2 பரப்பு, 12 செக்டர்: 4872 பிளாக், 24,94,464 பைட். வி6 அதில் 4000 பிளாக்கைக் கோப்புகளுக்கு எடுத்துக்கொண்டு, 4000 முதல் மிச்சம் 872 பிளாக்கை ஸ்வாப்புக்கு வைத்துக்கொள்கிறது. ஆர்கே0 கோப்பு குறைந்தது 20,48,000 பைட் இருந்தால் நகல் முழுதாக ஏறியிருக்கிறது.

கன்ட்ரோல்-ஈ. ‘டி எஸ்ஆர் 173030’. ‘பூட் ஆர்கே0’. ‘@’ வந்ததும் ‘ஆர்கேயூனிக்ஸ்’. சுவிட்ச் ரிஜிஸ்டரில் 173030 இருந்தால் ஒற்றைப் பயனர் நிலைக்குப் போகும், ‘#’ வரும்.

#14 பழையபெட்டி_நாகர்கோவில்

அந்த இடத்தில் எல்லோரும் பயப்படுவது மூணு விஷயத்துக்கு. முன்கூட்டியே சொல்லிடுதேன்.

எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக வரும். கன்சோல் டெலிடைப் என்று நினைத்துக்கொண்டு தொடங்குது. ‘எஸ்டிடிஒய் -எல்கேஸ்’ கொடுத்தால் சின்ன எழுத்து வரும்.

‘மெம் = 1035’ என்று வரும். கிலோபைட் இல்லை அது. ஆயிரத்து இருபத்து நாலு சொல் ஒரு கே. அந்தக் கே-யில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது பயனர் நிரல்களுக்கு 103.5 கே சொல் மிச்சம். இந்த எண் ரொம்பக் குறைஞ்சா எமுலேட்டரில் நினைவக அளவு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்; பூட் செய்யும் முன் ‘செட் சிபியு 256கே’ கொடுங்க.

பேக்ஸ்பேஸைத் தொடாதீங்க. இன்றைய டெர்மினல்கள் பேக்ஸ்பேஸுக்கு 127 அனுப்பும். வி6-ல் 127 என்றால் இன்டரப்ட், ஓடுற நிரலை வெட்டிரும். ஒரு எழுத்தை அழிக்க ‘#’, முழு வரியையும் அழிக்க ‘@’. பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைப் பலகையில் எழுதிப் போடுங்க. ‘சிடி’ கிடையாது, ‘சிஎச்டிஐஆர்’தான். எழுத்துக்கு நடுவில் குப்பை வந்தால் ‘செட் டிடிஓ 7பி’.

#15 ஆரல்வாய்_காற்று

இன்னொன்று சேர்க்கிறேன். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்று ‘செட் சிஎல்கே 50ஹெச்இசட்’ கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். வி6 கெர்னலில் நொடிக்கு 60 துடிப்பு என்று எழுதியே கட்டியிருக்கிறது. சிம்ஹெச்சும் இயல்பாக 60 கொடுக்கும். 50 ஆக்கினால் 60 துடிப்பு சேர 1.2 நொடி ஆகும், உள்ளே கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கெர்னல் மூலத்தில் மாற்றிக் கட்டிவிட்டு அப்புறம் இதைத் தொடுங்கள்.

‘செட் சிபியு ஐடில்’ கட்டாயம் போடுங்கள். வி6 வேலை இல்லாதபோது ‘வெயிட்’ கட்டளையில் நிற்கிறது. அதைக் கண்டு எமுலேட்டர் தூங்கும். போடாவிட்டால் பையின் ஒரு கோர் எந்நேரமும் நூறு சதவீதம் ஓடி, பங்குனி வெயிலில் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

#16 குளச்சல்கரை

‘#’ வந்தது, சின்ன எழுத்தும் வந்தது. மூல நிரல் டிஸ்க்கை எப்படி எடுப்பது?

#17 தக்கலை_ஆக்டல்

டிவைஸ் கோப்புகளை உண்டாக்குங்கள். ‘/எட்சி/எம்கேநாட் /டெவ்/ஆர்கே0 பி 0 0’, ‘ஆர்கே1’-க்கு பி 0 1, ‘ஆர்கே2’-க்கு பி 0 2. டேப்: ‘/டெவ்/எம்டி0 பி 3 0’. டிஸ்க்கின் கச்சா வடிவம்: ‘/டெவ்/ஆர்ஆர்கே0 சி 9 0’, மற்ற இரண்டும் அதே போல. ‘பி’ பிளாக், ‘சி’ கேரக்டர், அடுத்த எண் டிரைவர், கடைசி எண் அலகு.

கன்ட்ரோல்-ஈ கொடுத்து ஆர்கே1, ஆர்கே2 இரண்டையும் புதுக் கோப்புகளாக அட்டாச் செய்து ‘கான்ட்’ கொடுத்துத் திரும்புங்கள். பிறகு:

‘டிடி இஃப்=/டெவ்/எம்டி0 ஆஃப்=/டெவ்/ஆர்கே1 கவுண்ட்=4000 ஸ்கிப்=4100’
‘டிடி இஃப்=/டெவ்/எம்டி0 ஆஃப்=/டெவ்/ஆர்கே2 கவுண்ட்=4000 ஸ்கிப்=8100’

ஆர்கே1-ஐ ‘/யுஎஸ்ஆர்/சோர்ஸ்’-ல், ஆர்கே2-ஐ ‘/யுஎஸ்ஆர்/டாக்’-ல் மவுண்ட் செய்யுங்கள். அடைவு இல்லையென்றால் எம்கேடிஐஆர்.

#18 மார்த்தாண்டம்_சி

ஒத்துக்கொள்கிறேன், டேப் வழி நான் நினைத்ததைவிடக் குறுகியது. ஆனால் வகுப்பு நாளில் எட்டுப் பேரும் டேப்பிலிருந்து தொடங்க வேண்டாம். ஒருவர் கட்டிய டிஸ்க்கை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

#19 தக்கலை_ஆக்டல்

தானே கட்டிய டிஸ்க்கின் நகல் என்றால் எனக்கும் சம்மதம்.

#20 ஆரல்வாய்_காற்று

கரண்டு பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக் கூடாது. நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு மழைக்காலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது பல ஊரில் நாள்கணக்கில் கரண்டே கிடையாது. வி6 இந்த விஷயத்தில் ரொம்ப மெல்லிய கோப்பு முறைமை, கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே அதில் இன்னும் வரவில்லை.

எழுதினது மூன்று இடத்தில் தங்கி நிற்கும். வி6 கெர்னலின் பஃபர், எமுலேட்டரின் கோப்புப் பஃபர், லினக்ஸின் கேஷ். பல பயனர் நிலையில் ‘/எட்சி/அப்டேட்’ 30 நொடிக்கு ஒரு முறை சிங்க் செய்யும், அதாவது பஃபரில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும். ஒற்றைப் பயனர் நிலையில் அது ஓடாது, நீங்களே செய்ய வேண்டும். நிறுத்தும் வரிசை: ‘சிங்க்’ இரண்டு மூன்று தடவை, கன்ட்ரோல்-ஈ, ‘க்விட்’, பிறகு லினக்ஸில் ஒரு ‘சிங்க்’. அதற்கப்புறம்தான் பிளக்கைத் தொடணும்.

சிங்க் இல்லாமல் கரண்டு போய்விட்டால், ஒற்றைப் பயனர் நிலையில் பூட் செய்து ‘ஐசெக் /டெவ்/ஆர்ஆர்கே0’, ‘டிசெக் /டெவ்/ஆர்ஆர்கே0’. காலி பிளாக் பட்டியல் கெட்டிருந்தால் ‘ஐசெக் -எஸ்’. ரூட் டிஸ்க்கில் -எஸ் ஓட்டிய உடனே சிங்க் செய்யாமல் கன்ட்ரோல்-ஈ கொடுத்து மறுபடி பூட் செய்ய வேண்டும். சிங்க் செய்தால் நினைவகத்தில் இருக்கும் பழைய சூப்பர்பிளாக் (காலி பிளாக் பட்டியல் உள்ள பிளாக்) திருத்திய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பழக்கத்துக்கு நேர் எதிராக நடக்கணும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

#21 பழையபெட்டி_நாகர்கோவில்

இனி எட்டு டெர்மினல். டிசி11 தொடர் இணைப்புகள் எட்டு உள்ள கெர்னல் வேணும். ‘/யுஎஸ்ஆர்/சிஸ்/கான்ஃப்’ அடைவில்:

‘சிசி எம்கேகான்ஃப்.சி’, வெளிவந்த ‘ஏ.அவுட்’-ஐ ‘எம்கேகான்ஃப்’ என்று மாற்றுங்க. அதை ஓட்டி, ஒரு வரிக்கு ஒண்ணாக: ஆர்கே, டிஎம், டிசி, 8டிசி, எல்பி, டன். இந்த முதல் ‘டிசி’ டெக்டேப், அடுத்த ‘8டிசி’ டெர்மினல். தமிழில் ஒண்ணு போலத் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேற: டேப்புக்கு ‘டீ’, டெர்மினலுக்கு ‘டி’ என்ற நாலாவது எழுத்து. பின்:

‘ஏஎஸ் எம்40.எஸ்’, ஏ.அவுட்-ஐ எம்40.ஓ ஆக்குங்க
‘சிசி -சி சி.சி’
‘ஏஎஸ் எல்.எஸ்’
‘எல்டி -எக்ஸ் ஏ.அவுட் எம்40.ஓ சி.ஓ ../லிப்1 ../லிப்2’

11/40-க்கு எம்40, 11/45-க்கும் 70-க்கும் எம்45. மாத்திப் போட்டால் பூட்டே ஆகாது. வெளிவந்ததை ‘/யூனிக்ஸ்’ என்ற பெயரில் வையுங்க. ‘பிஎஸ்’ கட்டளை கெர்னல் பெயர்களை அந்தக் கோப்பிலிருந்தே படிக்குது. வேற பெயரில் பூட் செய்தால் பிஎஸ் தாறுமாறாகக் காட்டும்.

டிவைஸ்: ‘/டெவ்/டிடிஒய்0 சி 3 0’ முதல் ‘டிடிஒய்7 சி 3 7’ வரை. ‘/எட்சி/டிடிஒய்ஸ்’ கோப்பில் வரிக்கு மூணு எழுத்து. முதல் எழுத்து 0 இருந்தால் அந்த லைன் அணைந்திருக்கு, 1 ஆக்கினால் லாகின் வரும். திருத்த ‘ஈடி’ எடிட்டர் மட்டும்தான்.

எமுலேட்டரில், பூட் செய்யும் முன்: ‘செட் டிசிஐ எனேபிள்’, ‘செட் டிசிஐ லைன்ஸ்=8’, ‘செட் டிசிஓ 7பி’, ‘அட்டாச் டிசிஐ 5555’. பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் பையின் முகவரிக்கு 5555 போர்ட்டில் டெல்நெட் செய்தால் லாகின் வரும். ‘ஷோ டிசிஐ’ போட்டால் வெக்டர் 300-ல் தொடங்கணும், கெர்னல் அங்கேதான் எதிர்பார்க்குது.

பல பயனர் நிலைக்கு: கன்ட்ரோல்-ஈ, ‘டி எஸ்ஆர் 0’, ‘கான்ட்’, பிறகு கன்ட்ரோல்-டி.

வி6-ல் ரூட்டுக்குக் கடவுச்சொல் இல்லாமலே தொடங்கும், டெல்நெட்டில் மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) கிடையாது. வகுப்பறை ரவுட்டருக்குள்ளேயே வச்சுக்கிடுங்க. 5555-ஐ வெளியே திறந்து விடாதீங்க.

#22 குளச்சல்கரை

எட்டு லைனும் வந்துட்டு அண்ணாச்சி. ஒரு பிள்ளை சி நிரலில் ‘எக்ஸ் += 2’ எழுதினால் சின்டாக்ஸ் எரர் வருது.

#23 மார்த்தாண்டம்_சி

வி6 காலத்துச் சி-யில் அது ‘=+’. சமக்குறி முதலில். ‘எக்ஸ் =+ 2’ என்று எழுதச் சொல்லுங்க. அதே காரணத்தால் ‘எக்ஸ்=-1’ என்று இடைவெளி விடாமல் எழுதினால் ஒன்றைக் கழித்துவிடும், மைனஸ் ஒன்றை வைக்காது. சமக்குறிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விடணும்.